பெட்டி விளையாட்டை விட்டுவிட்டு டொலர் கடைக்குப் போனேன்

போன வருடம் ஹலோவீன் என்ற பேய் வேடத் திருநாளுக்கு முந்தைய சனிக்கிழமை, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் 11 பிள்ளைகள் கூடினார்கள். கடைசிக் குட்டி என் தங்கையின் மகன், நான்கு வயது. மூத்தவள் பக்கத்து வீட்டுப் பிள்ளை, ஒன்பது வயது. நாலு மணிக்குத் தொடங்கி ஆறரை வரை ஒருவரும் போன் கேட்கவில்லை. விளையாட்டுச் சாமான்களுக்கு நான் செலவழித்தது 23 டொலர், எல்லாம் எங்கள் பிளாசாவில் இருக்கும் டொலர் கடையில் வாங்கியவை. அதற்கு முந்தைய வருடம் 35 டொலர் கொடுத்து இணையத்தில் ஒரு 'ஹலோவீன் பார்ட்டி விளையாட்டுப் பெட்டி' வாங்கியிருந்தேன். இரண்டையும் பயன்படுத்திப் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெட்டி. காற்றூதும் பூசணிக்காய் அரை மணி நேரத்தில் சுருங்கிவிட்டது. வளையங்கள் கடதாசிபோல லேசானவை, எறிந்தால் எகிறி வெளியே போய் விழும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அதிலிருந்த குட்டி விளக்குகளின் மூடி விரல் பட்டதும் கழன்றது, உள்ளே பொத்தான் பற்றரி. அதைப் பிள்ளை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும். விளக்குகளை அப்படியே எடுத்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். மூடியில் திருகாணி இல்லாத எதையும் பிள்ளைகள் கூடும் இடத்துக்கு வாங்கவேண்டாம்.

டொலர் கடையில் வாங்கியவை: ஒரேஞ்ச் நிறப் பிளாஸ்டிக் கப் 24, அதே நிறத்தில் மெல்லிய ரிஷ்யூ கடதாசி, றப்பர் பான்ட், கறுப்பு மட்டை, ஒளிரும் வளையல் ஒரு குழல், சணல் நூல், கிறேப் கடதாசிச் சுருள். ரொய்லற் பேப்பர் 10 ரோல் வீட்டிலேயே இருந்தது. அதில் கறுப்பு மார்க்கரால் பேய் முகம் வரைந்து கூம்பாக அடுக்கினோம். பந்துக்குப் பதில் சின்னப் பூசணிக்காய். அது நேராக உருளாது, திடீரென்று வளைந்து போகும். பெரிய பிள்ளைகளின் குறியெல்லாம் தவறிப்போய், நாலு வயதுக்காரன்தான் முதலில் எல்லாப் பேயையும் விழுத்தினான். அவன் துள்ளியதைப் பார்த்திருக்கவேண்டும்!

கப் விளையாட்டுக்குத்தான் அதிக நேரம் எடுத்தது. ஒவ்வொரு கப்பிலும் ஒரு பரிசைப் போட்டு, வாயை ரிஷ்யூவால் மூடி, றப்பர் பான்ட் போட்டு, அடிப்பக்கத்தைச் சூட்டுப் பசையால் மட்டையில் ஒட்டவேண்டும். ரிஷ்யூ ஒரு அடுக்கு மட்டும் போடுங்கள், இரண்டு போட்டால் சின்ன விரல்களால் குத்திக் கிழிக்க முடியாது. வந்தவர்களில் ஒரு பிள்ளைக்குக் கச்சான் ஒவ்வாமை. அதனால் கப்புக்குள் இனிப்பே வைக்காமல் ஸ்ரிக்கர், அழிறப்பர், குட்டிச் சிலந்தி என்று வைத்தேன். வாசலில் பச்சைநீலம் பூசிய பூசணி வைத்திருந்தால் அந்த வீட்டில் தின்பண்டம் அல்லாத பரிசும் உண்டு என்று இங்கே அர்த்தம். அமெரிக்காவில் தொடங்கிய அந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் எனக்கும் இந்த யோசனை வந்தது.

அப்புறம் நூலில் தொங்கும் டோனட். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் கவ்வித் தின்னவேண்டும். அயர்லாந்தில் ஹலோவீன் இரவில் அப்பிளைத் தொங்கவிட்டு இப்படி விளையாடுவார்கள். அது கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கும் வந்து, அந்த இரவையே 'ஸ்னாப் அப்பிள் இரவு' என்று அங்கே சொன்னார்கள். நான் விளக்கத் தொடங்கவும் அம்மா இடைமறித்தார்.

"இது எங்கட பணிஸ் போட்டியெல்லோ!"

உண்மைதான். ஊரில் சித்திரை வருடப்பிறப்பு விளையாட்டுப் போட்டிகளில் கயிற்றில் பணிஸ் தொங்கவிடுவார்கள். அதே கையோடு 'யானைக்குக் கண் வைத்தல்' விளையாட்டையும் எடுத்துக்கொண்டோம். கறுப்பு மட்டையில் பெரிய பூனை ஒன்றை வெட்டி ஒட்டி, பிள்ளையின் கண்ணைக் கட்டி, மஞ்சள் வட்டம் ஒன்றைக் கையில் கொடுத்தோம். பூனைக்கு முதுகில் இரண்டு கண், வாலில் மூன்று கண்.

டோனட் நூலைப் பெரியவர்கள் கையில் பிடித்திருப்பது நல்லது. கட்டித் தொங்கவிட்டால் ஆட்டம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள், கழுத்தில் சுற்றக்கூடிய நூல் அது.

எல்லாவற்றிலும் சிறந்தது தொட்டுப் பார்க்கும் பெட்டி. சப்பாத்துப் பெட்டியில் கை நுழையும் அளவுக்கு வட்டம் வெட்டி, பழைய காலுறையின் நுனியை வெட்டி அதில் ஒட்டினால் உள்ளே ஒன்றும் தெரியாது. பேயின் கண் என்று சொல்லித் தொடவைக்கத் தோலுரித்த திராட்சை வைப்பது இங்குள்ள வழக்கம். முழுத் திராட்சை சின்னப் பிள்ளைகளின் தொண்டையில் அடைக்கும் என்பதால் நான் தமிழ்க் கடையில் பேணி லிச்சி வாங்கினேன். கொட்டையில்லாத லிச்சி, வழவழவென்று, கண்ணேதான். அதையும் நாலு வயதுக்காரனுக்காகச் சின்னத் துண்டாக வெட்டிவைத்தேன். மூளைக்கு எண்ணெய் பூசிய இடியப்பம், காதுக்கு உலர்ந்த அப்ரிகொட், பல்லுக்குச் சோளம்.

விளக்கை அணைத்துவிட்டு அம்மா கதை சொன்னார். ஊரில் கிணற்றடி ஆலமரத்து முனி, விமானமேறி ரொறன்ரோ வந்த கதை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என் மகள் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"அம்மம்மா, இது உண்மையான கண்ணா?"

"தொட்டுப் பார் ராசா, இன்னும் முழிச்சுக்கொண்டுதான் கிடக்கு."

ஒளிரும் வளையலைப் பூசணிக் காம்பில் மாட்டும் விளையாட்டும் நன்றாகவே போனது. இரண்டு வளையலைச் சேர்த்து முறுக்கினால் எறிவதற்குப் பாரம் கிடைக்கும். பிள்ளையை எகிப்திய மம்மிபோல ரொய்லற் பேப்பரால் சுற்றுவது வேண்டாம், கிழிந்துகொண்டே இருக்கும். கிறேப் கடதாசி தாங்கும், கழுத்தையும் வாயையும் விட்டுச் சுற்றுங்கள்.

டொலர் கடையில் எனக்குக் குறை இரண்டு. அங்கே வாங்கிய ஒட்டுநாடா பேஸ்மென்ட் சுவரில் பிடிக்கவில்லை, பூனை இரண்டு முறை விழுந்தது. ஒட்டுநாடாவை மட்டும் நல்ல கடையில் வாங்குங்கள். அடுத்தது, ஒக்டோபர் கடைசி வாரம் போனால் பாதித் தட்டில் நத்தார் சாமான் ஏறியிருக்கும், ஒரேஞ்ச் கப்பைத் தேடி அலையவேண்டும். மாத நடுவிலேயே போய்விடுங்கள்.

இந்த வருடம் லிச்சி இரண்டு பேணி வாங்கப்போகிறேன். போன முறை அம்மா கதையை முடித்து விளக்கைப் போட்டபோது, பெட்டியில் ஒரு கண்கூட மிச்சமில்லை.