ஜெய் பீமா, கடைசி விவசாயியா?

விடுமுறைக்குக் கடலூர் வந்த அக்கா கேட்டாள்: ஒரு ராத்திரி, ஒரு படம், எது?

விருது: 2023 ஆகஸ்டில் அறிவித்த தேசிய விருதில் சிறந்த தமிழ்ப் படம் கடைசி விவசாயி. அதில் விவசாயியாக நடித்த, மறைந்த நல்லாண்டித் தாத்தாவுக்குச் சிறப்புக் குறிப்பும் உண்டு. ஜெய் பீமுக்கு ஒன்றுமில்லை. அதன் நாயகி லிஜோமோள் ஜோஸுக்குக்கூட இல்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. 1993இல் எங்கள் மாவட்டத்து விருத்தாசலம் பக்கம் நடந்த போலீஸ் கொடுமையை வைத்து எடுத்த படம். சரி, ஊர்ப்பாசம் கொஞ்சம் கூடுதல்தான்.

நீளம்: ஜெய் பீம் இரண்டே முக்கால் மணி நேரம், நேரம் போவது தெரியாது. மற்றது நிதானம், அப்பா குறட்டை விட்டாலும் விடுவார்.

பிள்ளைகள்: ஜெய் பீமின் காவல் நிலையச் சித்திரவதைக் காட்சிகள் அவர்களுக்கு வேண்டாம், ‘ஏ’ சான்றிதழ்.

ஆக, வாண்டுகள் விழித்திருந்தால் விவசாயி. தூங்கிவிட்டால் ஜெய் பீம்.