பாலக்காட்டில் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பு: பயிற்சி பிரமாதம், கோர்வைதான் சரியில்லை

பெண் குழந்தையை ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்க்கலாமா என்று கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து நிறையப் பேர் போன் பண்ணுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. பாலக்காடு டவுனை ஒட்டி என் மகள் போகிற வகுப்பைப் பற்றி இங்கே எழுதிவிடுகிறேன். குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை. நான் தவில் வாசிப்பவன். திருவிழா சீசனில் மகளை என் மனைவி கூட்டிப்போவாள், மற்ற நாட்களில் நான். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். மூன்றரையும் பயிற்சிக்கு. போன ஒன்றரை கோர்வையில், அதாவது போட்டியில் வித்தைகளை வரிசையாகக் கோர்த்துச் செய்கிற ரொட்டீனில். எப்படி என்பதுதான் கீழே.

ஹால் தகரக் கூரை. மார்ச், ஏப்ரலில் உள்ளே நிற்க முடியாது, பெரிய மின்விசிறிகள் சூட்டைத்தான் சுற்றிவிடுகின்றன. பீம், அதாவது மேலே ஏறி வித்தை செய்கிற ஒடுங்கிய கட்டை, இரண்டு இருக்கிறது. ஒன்று தரையோடு ஒட்டினாற்போல, இன்னொன்று போட்டிக்கான உயரத்தில். 5 மீட்டர் நீளம், 1.25 மீட்டர் உயரம், அகலம் வெறும் 10 சென்டிமீட்டர். ஃப்ளோர் என்கிற தரை வித்தைத் தளத்துக்கு அடியில் ஸ்பிரிங் கிடையாது, மெத்தைகளைச் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். சேருகிற இடத்தில் விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்கும், அதை டேப் போட்டு ஒட்டுகிறார்கள். வியர்வைக் கால் பட்டுப் பட்டு டேப் இரண்டு வாரத்தில் உரிந்துவிடும். கணுக்கால் பிசகுவது இந்த மாதிரி இடத்தில்தான். நீங்களும் போனதும் முதலில் அதைக் குனிந்து பாருங்கள்.

மாஷ், அதாவது பயிற்சியாளர், நல்ல மாஷ். அதில் சந்தேகமில்லை. பெரிய வித்தை எதையும் அவசரப்பட்டுத் தொடவிடமாட்டார். முதல் சில மாதங்கள் முழுக்க விழப் பழகுவதுதான் பாடம். கை ஊன்றாமல் எப்படி உருளுவது, குதித்து இறங்கும்போது முட்டியை எவ்வளவு மடக்குவது, குதிகால் எப்போது தரையைத் தொட வேண்டும். பிள்ளை இறங்குகிற சத்தத்தைக் கேட்டே, திரும்பிப் பார்க்காமல், "குதிகால் முதலில் விழுந்தது, இன்னொரு தடவை" என்பார். தாளத்தோடு வாழ்கிறவன் என்பதால் அந்தக் காது எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்துத் தாங்க வேண்டியிருந்தால் எங்கே கை வைக்கப்போகிறார் என்று பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்கிறார். உதவிக்கு ஒரு பெண் பயிற்சியாளர் எப்போதும் கூடவே இருக்கிறார். பெற்றோர் உட்கார பெஞ்சு ஹாலுக்குள்ளேயே. எடை பார்க்கும் மிஷின் கிடையாது, தண்ணீர் குடிக்க யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். 2022இல் பிரிட்டனில் வெளிவந்த வைட் அறிக்கையைப் பற்றிப் படித்தால் தூக்கம் வராது. எடையைச் சொல்லி அவமானப்படுத்துவது, சாப்பாட்டையும் தண்ணீரையும் மறுப்பது என்று பணக்கார நாட்டு வகுப்புகளிலேயே நடந்திருக்கிறது. பெஞ்சை வெளியே போட்டுக் கதவைச் சாத்துகிற வகுப்பு எதுவானாலும் என் மகளை அனுப்ப மாட்டேன்.

இந்த வகுப்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது உள்போட்டி. வெளியிலிருந்து நடுவர்களை வரவழைத்து மதிப்பெண் போடச் சொல்லி, தாளைச் சுவரில் ஒட்டுகிறார்கள். முழுப் பத்துக்கு எவ்வளவு என்று கேட்கிற காலம் 2006இலேயே முடிந்துவிட்டது. இப்போது இரண்டு கணக்கு. எவ்வளவு கடினமானதைச் செய்தாய் என்பதற்கு டி. எவ்வளவு சுத்தமாகச் செய்தாய் என்பதற்கு ஈ. ஈ பத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். சின்னப் பிழைக்கு 0.1, நடுத்தரத்துக்கு 0.3, பெரியதற்கு 0.5, விழுந்தால் முழுசாக 1. டி கீழிருந்து மேலே ஏறும். ஏ தர வித்தைக்கு 0.1, பி தரத்துக்கு 0.2 என்று எழுத்து ஏற ஏற மதிப்பும் ஏறும். கட்டாயமாக இருக்க வேண்டிய அம்சங்களுக்குத் தனியாக அரை அரை மதிப்பெண். என் மகளின் பீம் தாளில் டி 2.4, ஈ 6.35, மொத்தம் 8.75 என்று இருந்தது. பக்கத்தில் பென்சிலில் எங்கே முட்டி மடங்கியது, எங்கே கை ஆடியது என்று குறிப்பு. பதினோரு வயதுப் பிள்ளை அதை வாசித்துவிட்டு, "அப்பா, விழாம இருந்திருந்தா 9.75" என்றது. அழவில்லை, கணக்குப் போட்டது.

அந்த விழுகையில்தான் என் முதல் சண்டை தொடங்குகிறது. பீமில் பின்னால் பாய்ந்து கை ஊன்றிப் புரண்டு எழும் பேக் ஹேண்ட்ஸ்பிரிங்கை ரொட்டீனில் வைத்திருக்கிறார் மாஷ். அது பி தரம், 0.2. பிள்ளை பாதி நேரம் விழுகிறது. அதற்குப் பதில் கை ஊன்றிப் பக்கவாட்டில் சுழலும் கார்ட்வீல் வைத்தால் ஏ தரம், 0.1. பத்தில் ஒரு மதிப்பெண்ணுக்காக ஒரு முழு மதிப்பெண்ணைப் பணயம் வைப்பது என்ன கணக்கு? கேட்டேன். "சேட்டா, இப்ப பழகலைன்னா பின்னே எப்போ?" என்றார். பழகட்டும், யார் வேண்டாம் என்றது? தாழ்ந்த பீமில் நூறு தடவை பழகட்டும். போட்டிக்கான கோர்வையில் அது எதற்கு? தவில் வாசிக்கும்போதும் அப்படித்தான், வீட்டில் சாதகம் பண்ணுகிறதையெல்லாம் கச்சேரியில் கொண்டுவந்து கொட்ட மாட்டோம்.

உடனே இந்திய ஜிம்னாஸ்ட் தீபா கர்மாகரைக் காட்டினார். எல்லா மாஷும் அவரைத்தான் காட்டுகிறார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில், ஓடிவந்து மேசையில் கை ஊன்றித் தாவுகிற வால்ட்டில், புரோடுனோவா என்ற கடினமான வால்ட்டுக்கு டி 7.0, ஈ 8.266. இரண்டு வால்ட்டின் சராசரி 15.066, நான்காம் இடம், வெண்கலத்துக்கு 0.15தான் குறைவு. சரி, ஆனால் அது துணிந்து தாவியது மட்டுமில்லை. பிஸ்வேஸ்வர் நந்தி என்ற பயிற்சியாளர் தன் மாணவிக்கு எது லாபம் என்று கணக்குப் பார்த்துத் தேர்ந்தெடுத்த வால்ட் அது. என் மகளின் பேக் ஹேண்ட்ஸ்பிரிங்கில் அந்தக் கணக்கு இல்லை. மறுபக்கம் 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஃப்ளோர் இறுதியைப் பாருங்கள். கடினத்தில் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸை மிஞ்ச ஆளில்லை. கோட்டைத் தாண்டிக் கால் வைத்ததில் 0.6 போனது. பிரேசிலின் ரெபேகா அந்த்ராதே 14.166, பைல்ஸ் 14.133. தங்கம் கைமாறியது. இதை மாஷிடம் சொன்னபோது சிரித்துவிட்டு டேப் ஒட்டப் போய்விட்டார்.

இரண்டாவது சண்டை பாட்டு. இதில் நான் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

பெண்களுக்கான ஃப்ளோர் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும், 12 மீட்டருக்கு 12 மீட்டர் தளத்தில். இசை வேண்டும், ஆனால் அதில் வார்த்தை இருக்கக் கூடாது. இருந்தால் ஒரு மதிப்பெண் காலி. இந்த வகுப்பில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே செண்டை மேளத் துண்டு. மேளத்தில் எனக்கு என்ன குறை? பஞ்சவாத்தியம் கேட்கவே நெம்மாறை வேலா திருவிழாவுக்குப் போகிறவன் நான். ஆனால் அதை நடுவில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். காலம் ஏறி வருகிறது, உச்சத்துக்கு இரண்டு அடி முன்னால் அறுத்துவிட்டு வேறொரு கீபோர்டு துண்டு. பிள்ளை மூலைக்கு ஓடிப்போய் நின்று மூச்சு வாங்குகிறது. அந்த நேரம் மேளம் பொழிகிறது. ஓடிப்போய்க் கரணம் அடிக்கிற டம்பிளிங் முடிந்து இறங்கும்போது பாட்டில் சத்தமே இல்லை. கடைசி நிலைக்கு வந்து கை தூக்கும் முன்பே பாட்டு நின்றுவிட்டது. கடைசி நிலையும் இசையும் ஒன்றாக முடியாவிட்டால் அதற்கும் 0.1 பிடிப்பார்கள். கலைநயத்துக்கு என்று நடுவர் பிடிக்கிற சில்லறையெல்லாம் இப்படித்தான் சேருகிறது. மூன்று பிள்ளைகளின் தாளிலும் அதே இடத்தில் அதே 0.1. பிள்ளைகள் செய்த பிழை இல்லை அது, பெரியவர்கள் தயார் செய்து கொடுத்தது.

உயரமான பிள்ளைக்கும் குட்டைப் பிள்ளைக்கும் ஒரே கை அசைவு என்பது அடுத்த எரிச்சல். என் மகளுக்குத் தாவினால் கால் நன்றாகப் பிளக்கும், சுழல வராது. அவளுக்கு அதிகம் வைத்திருப்பது சுழற்சி. இதற்கு மேல் என்ன சொல்ல?

நடுவர் தீர்ப்பை எதிர்த்துக் கேட்பது பற்றி மாஷ் சொல்லிக்கொடுக்கிற விதம் மட்டும் அருமை. பெற்றோர் பெஞ்சிலிருந்து கத்தக் கூடாது. பயிற்சியாளர்தான் கேட்கலாம், அதுவும் டி கணக்கை மட்டும். பாரிஸில் அமெரிக்காவின் ஜோர்டன் சைல்ஸுக்காக அப்படிக் கேட்டு 13.666 என்பது 13.766 ஆனது, வெண்கலம் கிடைத்தது. அப்புறம் விளையாட்டுத் தீர்ப்பாயம் ஒரு நிமிடத்துக்குள் கேட்கவில்லை, நான்கு வினாடி தாமதம் என்று அதை ரத்து செய்ய, 13.700 எடுத்த ருமேனியாவின் அனா பார்போசுவுக்குப் பதக்கம் போனது. ஒரு நிமிடம் என்றால் ஒரு நிமிடம் என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார்.

மாதம் 1,500 ரூபாய். வாரம் நான்கு நாள், பள்ளி விட்டு வந்ததும். பொள்ளாச்சி ரோடு பஸ் மாலையில் நெரிசல், பிள்ளை களைத்துப்போய் நின்றபடியே தூங்குகிறது, அதையும் கணக்கில் வையுங்கள். வயது பத்தைத் தாண்டி, மாநில அளவு, அதற்கு மேல் என்று யோசிக்கிறவர்கள் தலச்சேரியில் இருக்கும் இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்தை விசாரித்துப் பாருங்கள். அந்த ஊருக்கு இதெல்லாம் பழசு. கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் சர்க்கஸ் பயிற்சி தொடங்கியதே அங்கேதான். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு ரொட்டீன் கவலையே இல்லை, அவர்களை யோசிக்காமல் இங்கேயே சேர்க்கலாம். மற்றவர்கள் முதலில் ஒரு உள்போட்டிக்குப் போங்கள். அன்று வெளியாட்களையும் பெஞ்சில் உட்காரவிடுகிறார்கள். சுவரில் தாள் ஒட்டுகிறவரைக்கும் இருந்து, உங்கள் பிள்ளை வயதுக்காரர்களின் ஃப்ளோர் மதிப்பெண்ணைப் படித்துவிட்டு ஃபீஸ் கட்டுங்கள்.