வியன்னா, சால்ஸ்பர்க், பிராக் என்று சொல்லி ஒரு பிள்ளைக்கு 1,80,000 ரூபாய்: பள்ளி இசைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

இன்று காலை ஆறரைக்குப் பிள்ளைகள் வியன்னாவில் இறங்கியிருக்க வேண்டும். 22 பேரும் வீட்டில் இருக்கிறார்கள். நேற்றுப் போய்ப் பார்த்தபோது அந்த ஆபீஸ் பூட்டிக் கிடந்தது.

வக்கீல் வேண்டாம் என்கிறார், அதனால் பெயர் போடவில்லை. பள்ளி, கல்லூரிக் குழுக்களை மட்டும் வெளிநாடு கூட்டிப்போவதாகச் சொல்லும் சென்னை டூர் ஏஜென்சி ஒன்று, அவ்வளவுதான். கொயர் (பாடகர் குழு), வயலின் குழு இரண்டும் சேர்த்து 22 பிள்ளைகள், ஒன்பது நாள், ஆளுக்கு 2,95,000. அதில் முன்பணம் 1,80,000. போனது அந்த 1,80,000. 22ஆல் பெருக்கினால் 39,60,000. ஒரு ரூபாய் திரும்பவில்லை. இதை எழுதுபவர்களில் ஒருவர் இசை ஆசிரியர், இன்னொருவர் வரிக்கணக்கு பார்ப்பவர். விவரம் தெரிந்தவர்களையே இப்படிக் கவிழ்த்திருக்கிறார்கள். என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்று கடைசியில் வரிசையாகப் போடுகிறோம்.

நவம்பரில் பள்ளி ஆடிட்டோரியத்தில் பெற்றோர் கூட்டம். ஏஜென்சியிலிருந்து வந்தவர் மைக் பிடித்ததும் கேட்ட முதல் கேள்வி: "செல்லோ வாசிக்கிற பிள்ளை யாருங்க? அதை லக்கேஜ்ல போட்டா கழுத்து உடைஞ்சுடும், தனி சீட் போடணும்." அந்த ஒரு கேள்வியில் அரங்கமே அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. சொன்னதும் உண்மை. வயலின் கைப்பையோடு மேல் பெட்டியில் போய்விடும், பெரிய வயலின் போலிருக்கும் செல்லோவுக்கு ஒரு இருக்கை வாங்கத்தான் வேண்டும். விஷயம் தெரிந்த ஆள் ஏமாற்ற மாட்டான் என்று நினைத்தோம். செல்லோ சீட்டுக்கென்று அந்தப் பிள்ளை வீட்டில் தனியாக 58,000 வாங்கினார்.

பயணத் திட்டத்திலும் குறை சொல்ல முடியவில்லை. வியன்னாவில் மொசார்ட் 1784 முதல் 1787 வரை குடியிருந்த டோம்காஸே 5ஆம் எண் வீடு. மத்தியக் கல்லறைத் தோட்டத்தில் பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் சமாதிகள். ஞாயிறு காலை 9:15க்கு ஹோஃப்பர்க் சிற்றாலயப் பூசையில் வியன்னா சிறுவர் பாடகர் குழு. ஒரு மாலை ஸ்டாட்ஸ்ஓப்பர், அதாவது வியன்னா அரசு ஓப்பரா அரங்கு. சால்ஸ்பர்க்கில் கெட்ரைடெகாஸே 9, மொசார்ட் பிறந்த வீடு. பிராக்கில் 1787 அக்டோபரில் மொசார்ட்டின் 'டான் ஜொவானி' ஓப்பரா முதன்முதலாக மேடையேறிய எஸ்டேட்ஸ் தியேட்டர். எல்லாம் இருக்கிற இடம்தான், எல்லாம் சரியான தகவல்தான். இணையத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் யாரும் இப்படி ஒரு தாள் அடித்துவிடலாம் என்று அன்றைக்கு ஏன் தோன்றவில்லை!

அதில் ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. "ஓப்பராவில் நிற்கும் இடம், முன்பதிவு" என்று ஆளுக்கு 6,500 போட்டிருந்தார். நிற்கும் இடத்துக்கான சீட்டு நிகழ்ச்சி நாளன்றுதான் விற்பனைக்கு வரும், விலையும் மிகக் குறைவு. நவம்பரிலேயே மே மாதத்துக்கு அதை முன்பதிவு செய்ய வழியே கிடையாது. இசை ஆசிரியருக்கு அது தெரியும். தெரிந்தும் "ஏஜென்டுக்கு ஏதாவது கோட்டா இருக்கும்" என்று விட்டோம்.

இரண்டு ஆசிரியர்களுக்கு டிக்கெட் இலவசம் என்றார். இது இந்தத் தொழிலில் வழக்கம், பத்துப் பதினோரு பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் சும்மா வருவார். அந்தச் செலவு பிள்ளைகள் கணக்கில்தான் ஏறும். ஏறுவதுகூடப் பரவாயில்லை. ஓசி டிக்கெட் வாங்கிய பள்ளி அதற்குப் பிறகு எதையும் கேட்பதில்லை. இன்றைக்குக்கூட முதல்வர் அறையில் கிடைக்கும் பதில், "பேரண்ட்ஸுக்கும் ஏஜென்சிக்கும் நடுவுல உள்ள விஷயம்."

இனி அந்தக் கடிதம். வியன்னாவில் ஒரு சர்ச்சில் நம் பிள்ளைகள் அரை மணி நேரம் பாடப்போகிறார்கள், அனுமதி வந்துவிட்டது என்று வாட்ஸ்அப் குரூப்பில் பிடிஎஃப் போட்டார். ஒரு பக்கம், ஜெர்மன் மொழி, மேலே முத்திரை, கீழே நீல மையில் கையெழுத்து. எல்லாரும் கைதட்டும் பொம்மை போட்டோம். 1,80,000 கட்டியது அதற்கு மறுநாள். மார்ச்சில்தான் ஒருவர் அதை மொழிபெயர்ப்பு ஆப்பில் காட்டினார். தலைப்பிலேயே 'ஆன்ஃப்ராகே', அதாவது விசாரிப்பு. உங்கள் கடிதம் கிடைத்தது, தேதி இன்னும் தெரியாது, இந்தப் பதில் 'உன்ஃபெர்பிண்ட்லிஷ்', எங்களைக் கட்டுப்படுத்தாது. உறுதி என்றால் 'பெஸ்டேடிகுங்' என்று இருக்க வேண்டும், நாளும் நேரமும் இருக்க வேண்டும். சர்ச் மேல் தப்பே இல்லை, யாரோ விசாரித்திருக்கிறார்கள், மரியாதையாகப் பதில் போட்டிருக்கிறார்கள்.

அடுத்தது விமான டிக்கெட். ஆறு எழுத்து பிஎன்ஆர் அனுப்பினார். விமான நிறுவனத் தளத்தில் போட்டால் 22 பெயரும் வந்தது. பிஎன்ஆர் என்பது இடம் பிடித்து வைத்ததற்கு அடையாளம், அவ்வளவுதான். பணம் கட்டி டிக்கெட் போட்டால்தான் ஒவ்வொரு பெயருக்கும் 13 இலக்க எண் வரும், முதல் மூன்று இலக்கம் அந்த விமான நிறுவனத்துக்கு உரியது. கெடு தாண்டினால் பிடித்து வைத்த இடம் தானாகவே கழன்றுவிடும். எங்களுடையது எப்போதோ கழன்றுவிட்டது. இதில் கூத்து என்னவென்றால், செல்லோவுக்கு இருக்கை எடுத்திருந்தால் பெயர்ப் பட்டியலில் 'சிபிபிஜி' (இருக்கையில் வைக்கும் கேபின் லக்கேஜ்) என்று ஒரு வரி இருக்க வேண்டும். முதல் நாள் வந்த தாளிலேயே அந்த வரி இல்லை. 58,000 வாங்கிய கையோடு அதையும் முழுங்கியாயிற்று.

விசா. ஷெங்கன் (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே போடலாம், குறைந்தது 15 நாளுக்கு முன் போட்டாக வேண்டும். முடிவுக்குப் பொதுவாக 15 நாள், சிக்கலானால் 45 நாள் வரை இழுக்கும். அதிக நாள் தங்குவது ஆஸ்திரியாவில், ஆகவே விண்ணப்பமும் ஆஸ்திரியாவுக்குத்தான் போக வேண்டும். 12 வயது நிரம்பியவர்கள் நேரில் போய்க் கைரேகை கொடுக்க வேண்டும், கடந்த 59 மாதத்துக்குள் ஷெங்கனுக்குக் கொடுத்திருந்தால் மட்டும் விலக்கு. இவர் சொன்னது: "குரூப் ஃபைல் சார், பிள்ளைங்க வரவே வேணாம், பாஸ்போர்ட்ட மட்டும் குடுங்க." அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். விசாக் கட்டணம் 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்குள் 45. படிப்பு, பயிற்சிக்காகப் போகும் பள்ளி மாணவர்களுக்கும் உடன் போகும் ஆசிரியர்களுக்கும் கட்டண விலக்குகூட விதியில் இருக்கிறது. முன்பணத்துக்குள் விசாவுக்கு என்று அவர் எழுதியிருந்தது 16,500.

சாக்குப்போக்குகளை அப்படியே தருகிறோம். பிப்ரவரி: "எம்பசில ஸ்லாட் ஓப்பன் ஆகல சார்." மார்ச்: "அக்கவுண்ட்ஸ் மேடம் லீவு, திங்கட்கிழமை பேசுங்க." எத்தனை திங்கட்கிழமை! ஏப்ரல் முதல் வாரம்: "ஃப்யூயல் சார்ஜ் ஏறிடுச்சு, ஆளுக்கு 28,000 போட்டா மே மாசமே அனுப்பிடலாம்." மூன்று பேர் அதையும் போட்டார்கள். பிறகு குரூப்பில் அட்மின் மட்டும்தான் எழுதலாம் என்று மாற்றிவிட்டார்கள். கடைசியாக வந்தது ஒரு புதுப் பயணத் திட்டம்: "டூர் ஜூலைக்கு மாற்றப்பட்டுள்ளது." பள்ளி நடக்கிற மாதம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தத் தாளிலும் ஸ்டாட்ஸ்ஓப்பர், சிறுவர் குழுவின் ஞாயிறு பூசை இரண்டும் அப்படியே இருக்கின்றன. ஜூலை, ஆகஸ்டில் ஸ்டாட்ஸ்ஓப்பரில் ஓப்பராவே கிடையாது, கோடை விடுமுறை. சிறுவர் குழுவும் அந்த இரண்டு மாதம் அங்கே பாடுவதில்லை. தேதியை மட்டும் அடித்து மாற்றியிருக்கிறார்கள். செல்லோவுக்குத் தனி சீட் கேட்ட மனிதர்!

வரிக் கணக்கில் சிக்கியதுதான் இப்போது எங்களுக்குக் கிடைத்திருக்கும் உருப்படியான ஆதாரம். 1,80,000க்கு டிசிஎஸ் (விற்பவர் நம்மிடம் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) என்று 9,000 பிடித்ததாக ரசீதில் காட்டியிருந்தார். வெளிநாட்டு டூருக்கு டிசிஎஸ் பிடிப்பது சட்டம். பிடித்ததை நம் பான் எண்ணில் கட்ட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிடித்ததற்கு ஜனவரி 15க்குள் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும், பிறகு நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும். 22 வீட்டிலும் பார்த்தோம். ஒரு வரிகூட இல்லை. பிப்ரவரியில் இதை ஒரு வீட்டிலாவது பார்த்திருந்தால் அந்த மூன்று பேரின் 28,000 மிஞ்சியிருக்கும். ரசீதை எடுத்துப் பார்த்தால் அது ப்ரொஃபார்மா, அதாவது உத்தேச பில், வரி பில்லே இல்லை. அதிலிருந்த ஜிஎஸ்டி எண்ணைத் தளத்தில் போட்டால் 'ரத்து' என்று வருகிறது. பணம் போனது ஏஜென்சியின் கரண்ட் அக்கவுண்டுக்கு இல்லை, ஒரு தனி ஆளின் சேவிங்ஸ் கணக்குக்கு. 1,80,000, 22 தடவை.

வரிசையாக எழுதுகிறோம் என்று சொன்னோம், ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும், முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறோம். 13 இலக்க டிக்கெட் எண் வராமல் பாதிப் பணத்துக்கு மேல் தராதீர்கள். ஐயாட்டா (சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கம்) எண் சொன்னால் அதன் தளத்திலேயே சரிபாருங்கள், ஜிஎஸ்டியும் அப்படியே. ஹோட்டல் பதிவு வந்ததும் ஹோட்டலுக்கே மெயில் போடுங்கள், விசாவுக்காக ரூம் போட்டுவிட்டு மறுவாரம் ரத்து செய்வது சகஜம். ஜெர்மனில் தாள் வந்தால் கைதட்டும் முன் மொழிபெயர்த்துப் படியுங்கள்.

ஏற்கெனவே மாட்டியவர்கள் 1915ல் நுகர்வோர் புகார் எண் வாங்குங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டிய தொகை 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை. ஸ்டேஷனில் சிஎஸ்ஆர் ரசீது (புகார் வாங்கிக்கொண்டதற்கு மட்டும் அடையாளம்) கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். எங்களுக்கும் அதுதான் கிடைத்தது, எஃப்ஐஆர் கேட்டுத்தான் இப்போது போகிறோம்.

பாஸ்போர்ட்டை மட்டும் ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள். விசா மையத்துக்குப் போகிற நாளில் நீங்களே எடுத்துப் போனால் போதும். எங்கள் பிள்ளைகளில் ஆறு பேருடையது இன்னும் அந்தப் பூட்டிய ஆபீஸுக்குள்தான் இருக்கிறது.