கிராண்டில் (நிலப் பட்டாவில்) பேர் இருக்கிறது, நிலம் எங்கே?

மலேசியாவில் கெடா மாநிலத்துக் கூலிம் பக்கம் "6,000 சதுர அடி, தனி லோட் (மனை), 38,000 வெள்ளி (ரிங்கிட்)" என்று வாட்ஸ்அப்பில் வந்தால், இதைப் படித்துவிட்டு அப்புறம் போன் போடுங்கள்.

பினாங்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் 27 வருடம் ஷிப்ட் பார்த்தவன் நான். ஓய்வுக்கு அப்புறம் நாலு வாழை, முருங்கை, பத்துக் கோழி, ஒரு கிணறு, அவ்வளவுதான் ஆசை. பினாங்குத் தீவில் விற்கிற விலைக்கு அது நடக்காது. பாலம் தாண்டி கெடாவுக்குள் தேடினோம். முதலில் பார்த்த இரண்டு நிலமும் மலாய் ரிசர்வ், அதாவது மலாய்க்காரர்களுக்கென்று ஒதுக்கியது, நம் பெயருக்கு மாற்ற முடியாது.

மூன்றாவது, 3 ஏக்கர் பழைய ரப்பர் தோட்டம். அதைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். மூலைக்கு மூலை சிவப்புச் சாயம் அடித்த பிளாஸ்டிக் குழாய் நட்டு, நம்பர் எழுதியிருந்தார்கள். எங்களுடையது 11. "அண்ணே, கிணறு பக்கத்திலேயே இருக்கு" என்றார் ஏஜென்ட். அன்றைக்கே மனைவி மஞ்சள் கிழங்கு ஊன்றிவிட்டாள். நிலத்து ஆபீஸில் சர்ச் (பதிவு விவரம்) எடுத்தேன். சுத்தமான கிராண்டு, விவசாய நிலம், கேவியட் (கைமாற்றத் தடை) இல்லை. லாயரையும் ஏஜென்ட் தரப்பே ஏற்பாடு செய்தது, செலவு மிச்சம் என்று நினைத்தேன். புத்தி போனது அங்கேதான்.

பெயர் மாறியதும், தனி கிராண்டு எப்போது வரும் என்று நிலத்து ஆபீஸில் கேட்கப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். 20 பெயர், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 1/20. என் லோட் எது என்றேன். "லோட் சாத்து சாஜா, அங்கிள்." மொத்தமே ஒரே லோட்தானாம்.

1965 தேசிய நிலச் சட்டப்படி விவசாய நிலத்தை 2/5 ஹெக்டருக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய 1 ஏக்கருக்குக் கீழே துண்டு போட முடியாது. எங்கள் 3 ஏக்கரை எப்படி வெட்டினாலும் 3 கிராண்டுக்கு மேல் வராது. அந்தச் சிவப்புக் குழாய் சர்வேயர் நட்ட எல்லைக்கல் இல்லை, ஹார்ட்வேர் கடைச் சாமான்.

ஏஜென்டிடம் சத்தம் போட்டேன். ஒப்பந்தத்தின் 7ஆம் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். 'அன்டிவைடெட் ஷேர்' என்று இருக்கிறது, அதாவது எந்த மூலை யாருடையது என்று பிரிக்காத பங்கு. கீழே என் கையெழுத்து. போலீஸிடம் எதைச் சொல்வது? எந்தப் பேப்பரும் போலி இல்லையே! சர்ச் எடுத்த நான், வாங்குவது முழு நிலமா பங்கா என்று மட்டும் கேட்கவில்லை. பெயருக்குப் பக்கத்தில் பின்னம் வரும் என்று தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள். லாயர் உங்கள் ஆளாக இருக்கட்டும்.

இப்போது கிணற்றுக்கு 4ஆம் நம்பர்காரர் பூட்டுப் போட்டுவிட்டார். பாதையில் யாரோ கொட்டகை கட்டியிருக்கிறார்கள். ஒன்றாக விற்கவோ முறையாகப் பிரிக்கவோ கூட்டாளிகள் எல்லாரும் சேர்ந்து பேச வேண்டும். 14 பேரின் நம்பர் கையில் இருக்கிறது. மிச்சம் 5 பேரில் யாராவது இதைப் பார்த்தால், 11ஆம் நம்பர் குழாய்க்காரன் தேடுகிறான், கீழே ஒரு வார்த்தை எழுதுங்கள்.