இருந்த டோட்டி, போன பாடிஸ்டுடா

2001-இல் ரோமா கிளப் இத்தாலியக் கால்பந்து லீக்கை வென்றபோது பிரான்செஸ்கோ டோட்டியும் கேப்ரியல் பாடிஸ்டுடாவும் ஒரே அணியில் ஆடினார்கள். விசுவாசம் என்று பேச்செடுத்தால் எல்லோரும் முதலாமவரைத்தான் காட்டுகிறார்கள்.

அதில் தவறில்லை. ரியல் மாட்ரிட் விரும்பியும் டோட்டி அசையவில்லை. ரோமாவுக்காகவே 786 ஆட்டங்கள், 307 கோல்கள். லீக் பட்டமோ அந்த ஒன்றுதான். ஆனால் ரோம் அவர் பிறந்து வளர்ந்த ஊர். அங்கேயே இருப்பது அவருக்குத் தியாகம் மட்டுமல்ல, சுகமும்கூட.

பாடிஸ்டுடாவோ கடல் கடந்து வந்த அர்ஜென்டினாக்காரர். 1993-இல் அவர் ஆடிய பியோரென்டினா கிளப் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியபோதே அவர் கிளம்பியிருக்கலாம். யார் குறை சொல்லியிருப்பார்கள்? அவர் கூடவே இறங்கினார், கோல்கள் அடித்து அணியை மேலே தூக்கிவந்தார். லீக் பட்டத்துக்காக ஒன்பது பருவங்கள் காத்திருந்துவிட்டு, 31 வயதில்தான் ரோமாவுக்குப் போனார். இதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கிளப்புகள் மட்டும் வயதான வீரரை ஒரே கையெழுத்தில் விற்றுவிடுவதில்லையா?

2000 நவம்பரில் அதே பியோரென்டினா ரோமுக்கு ஆட வந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில், வெகுதொலைவிலிருந்து பாடிஸ்டுடா உதைத்த பந்து வலைக்குள் பாய்ந்தது. 1-0. சகாக்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். அவர் கையைக்கூட உயர்த்தவில்லை. கண்களில் நீர் தளும்பி நின்றது.