இ.இ.ஜி.யா, எஃப்.எம்.ஆர்.ஐ.யா?

வாக்கியத்தை மூளை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பது என் ஆய்வு. கருவியை முடிவுசெய்யும் கட்டத்தில், தலைமேல் மின்முனைகளை வைத்து மூளையின் மின்னழுத்தத்தை அளக்கும் இ.இ.ஜி.யை எடுத்தேன்; காந்த ஸ்கேனரில் மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ.யை விட்டேன். இரண்டிலும் அறுவையில்லை, கதிர்வீச்சில்லை. இ.இ.ஜி. மலிவு என்று சொல்லவே வேண்டாம்.

என்னைச் சாய்த்தது நேரம்தான். எஃப்.எம்.ஆர்.ஐ. நரம்பணுக்களை நேரடியாகப் பார்ப்பதில்லை. அவை வேலை செய்த இடத்தில் ரத்த ஆக்சிஜன் மாறுவதைப் பார்க்கிறது. அந்த மாற்றம் உச்சம் தொட 5, 6 விநாடி ஆகும். ‘தாகத்தில் ஒரு டம்ளர் செருப்பு குடித்தான்’ என்று வாசித்துப் பாருங்கள். ‘செருப்பு’ கண்ணில் பட்டு சுமார் 400 மில்லிவிநாடியில் மின்னழுத்தம் எதிர்மறைப் பக்கம் சாயும். இதுதான் என்400, 1980இல் மார்ட்டா குடாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் காட்டியது. பொருள் சரியாக இருந்து இலக்கணம் மட்டும் பிசகினால், பெரும்பாலும் 600ஐ ஒட்டி நேர்மறையாக வேறோர் அலை வரும். என் கேள்வியே இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. எஃப்.எம்.ஆர்.ஐ.யின் சமிக்ஞை ஏறி முடிப்பதற்குள் வாசகர் அடுத்த வாக்கியத்துக்கே போயிருப்பார். போதாததற்கு ஸ்கேனர் போடும் சத்தம் வேறு; பேச்சைக் கேட்க வைத்துச் செய்யும் சோதனைக்கு அது பெரிய தொல்லை.

இ.இ.ஜி.யில் பாடு இல்லாமல் இல்லை. ஒவ்வொரு மின்முனைக்கடியிலும் முடியை விலக்கி, ஜெல் விட்டு, மின்தடை இறங்கும்வரை தோலைத் தேய்க்க வேண்டும். வந்தவர் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் போக முடியும். நாம் தேடுவது சில மைக்ரோவோல்ட். ஒரு கண் சிமிட்டலே 100ஐத் தாண்டி அதை மூழ்கடித்துவிடும். அதனால் ஒரு வாக்கியத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பல பதிவுகளைச் சராசரி எடுத்தால்தான் அலை தெளியும்.

‘எங்கே’ என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் நான் சொன்னதை மறந்துவிடுங்கள். மண்டையோடு மின்புலத்தைக் கலைத்துப் பரப்பிவிடும். ஹிப்போகாம்பஸ் போன்ற ஆழமான பகுதிகள் இ.இ.ஜி.க்கு எளிதில் எட்டாது. எஃப்.எம்.ஆர்.ஐ. 2, 3 மில்லிமீட்டர் நுணுக்கத்தில் காட்டும்.

மூளையின் காந்தப்புலத்தை அளக்கும் எம்.இ.ஜி. நேரத்தையும் விடாது, இடத்தையும் இ.இ.ஜி.யைவிட நன்றாகச் சொல்லும் என்பார்கள். நான் அதில் வேலை செய்ததில்லை. வழக்கமான எம்.இ.ஜி.க்குக் காந்தக் காப்பு அறையும் மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியமும் வேண்டும் என்பதோடு என் கனவு நின்றுவிட்டது.

ஒன்றில் மட்டும் என் தேர்வும் எஃப்.எம்.ஆர்.ஐ.யும் ஒரே படகில்தான்: அலையோ ரத்த ஓட்டமோ, அது புரிதலை உண்டாக்குகிறதா, கூடவே வருகிறதா என்று இரண்டாலும் சொல்ல முடியாது. அதற்கு, காந்தத் துடிப்பால் ஒரு பகுதியைத் தற்காலிகமாகக் குழப்பிப் பார்க்கும் டி.எம்.எஸ். போன்ற வழிகள் வேண்டும்.