மெட்ஃபார்மினா, ஆவாரைக் குடிநீரா?

அம்மாவுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்றதும் வீட்டில் இரண்டு கட்சி.

மெட்ஃபார்மின் மாத்திரை, கல்லீரல் ரத்தத்தில் சர்க்கரையைக் கொட்டுவதைக் குறைக்கிறது. 1957 முதல் புழக்கத்தில் இருப்பதால் அதன் அளவும் பக்கவிளைவும் நன்றாகத் தெரிந்தவை. சிலருக்கு வயிறு புரட்டும். வருடக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம். பலன் கிடைக்கிறதா என்பதை ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம், சர்க்கரையின் ஏறக்குறைய மூன்று மாதக் கணக்கு அதில் வந்துவிடும்.

ஆவாரை, நாவல், மருதம் எல்லாம் சேர்ந்த ஆவாரைக் குடிநீர், சித்த மருத்துவர்கள் மதுமேகத்துக்கு, அதாவது சர்க்கரை நோய்க்கு, கொடுக்கும் கஷாயம். தண்ணீர் நாலில் ஒரு பங்காகச் சுண்டும்வரை அம்மா அடுப்படியிலேயே நிற்பார். நாக்கில் துவர்ப்பு ஒட்டிக்கொள்ளும். குடிநீர் வந்தபிறகு காலையில் சீனி போட்ட காப்பி நின்றது. எனக்கு அதுவே பெரிய லாபம். ஆனால் மாத்திரைக்கு உள்ளது போன்ற பெரிய ஆய்வுகள் இதற்கு இல்லை.

சரி, எது? மாத்திரைதான் அடிப்படை, குடிநீர் துணைக்கு. குடிநீரை நம்பி மாத்திரையை நிறுத்தவே கூடாது. இன்சுலினோ, கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் இதையும் குடித்தால் சர்க்கரை திடீரென இறங்கலாம். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். அதனால் ஆங்கில மருத்துவர், சித்த மருத்துவர் இருவரிடமும் இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.